கழுத்து டியூபும் குளிர் நடுக்கமும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. நான்கு மாதமாகக் கழுத்து டியூப் வழியாக வாரம் 3 நாள் டயாலிசிஸ். கையில் பிஸ்டுலா (ஊசி குத்தி டயாலிசிஸ் செய்ய வசதியாக, ஆபரேஷனில் கை ரத்தக் குழாய்களை இணைப்பது) போடலாம் என்று டாக்டர் சொன்னால், 'ஊசியே குத்தாமல் இது நன்றாகத்தானே ஓடுகிறது' என்கிறார். போன வாரம் டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் நடுக்கம் வந்தது, வீட்டுக்கு வந்து பாராசிட்டமால் கொடுத்ததும் அடங்கிவிட்டது. அவர் தலைக்குக் குளிக்கலாமா?
- வாசகி, கரூர்

பதில்: குளியல் இருக்கட்டும் அம்மா, அந்த நடுக்கம்தான் எனக்குக் கவலை. கழுத்து வழியாகப் போட்டிருந்தாலும் டியூப் வெளியே தெரிவது நெஞ்சில், ஆனால் அதன் நுனி இருப்பது இதயத்தின் வாசலில். அதற்குள் கிருமி குடியேறிவிட்டால், மெஷின் ஓட ஆரம்பித்ததும் ரத்தத்தோடு சேர்த்து அதையும் உள்ளே தள்ளும், அதனால்தான் பலருக்கு டயாலிசிஸ் நேரத்திலேயே உடம்பு தூக்கிப்போடுகிறது. பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. டியூப் போட்ட இடம் சிவக்கவில்லை, சீழ் இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள், வெளியே பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே தொற்று இருக்கலாம். இன்றைக்கே யூனிட்டில் சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பி ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள், சிலருக்கு டியூபையே மாற்ற வேண்டிவரும். விட்டுவைத்தால் இதய வால்வு, முதுகெலும்பு வரை போய்விடும்.

சரி, குளியல். இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றலாம், மேலே ஈரத்துண்டால் துடைத்தால் போதும். தலையை சலூனில் செய்வதுபோலப் பின்னால் சாய்த்து வேறு யாராவது அலசிவிடட்டும். கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ அடுத்த டயாலிசிஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விபூதி, சந்தனம் பூசுகிறவரானால் அது நெற்றியோடு நிற்கட்டும்.

சிவப்பு, நீல மூடிகளை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க உள்ளே ஹெப்பாரின் நிரப்பியிருப்பார்கள், அதனால் வேறு கிளினிக்கில் 'இதிலேயே டிரிப்ஸ் ஏற்றிவிடலாமே' என்றால் கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். டியூப் தவறி உருவிக்கொண்டு வந்தால் படுக்கவைத்து, அந்த இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள். கிழிந்துபோனால், கிழிசலுக்கும் உடம்புக்கும் நடுவில் மடக்கி இறுக்கிக்கொள்ளுங்கள், காற்று உள்ளே போனால் ஆபத்து.

பிஸ்டுலா விஷயத்தில் நான் டாக்டர் பக்கம்தான். ஊசி வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன், மரத்துப்போகத் தடவும் களிம்பு உண்டு. ஆனால் தொற்று என்று பார்த்தால் கழுத்து டியூபைவிட அது எவ்வளவோ மேல். ஆபரேஷன் செய்த மறுநாளே பயன்படாது, ஊசி குத்தும் அளவுக்குத் தயாராக 6 முதல் 8 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். எந்தக் கையில் போடப்போகிறார்கள் என்று இப்போதே கேட்டுவைத்துக்கொண்டு, அந்தக் கையில் ரத்தம் எடுக்க, டிரிப்ஸ் போட விடாதீர்கள். அப்பாவை மசியவைக்க ஒரு வழி, பிஸ்டுலாவில் ஓடும் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசவிடுங்கள், நாம் சொல்வதைவிட அது எடுபடும்.

அதெல்லாம் அப்புறம். முதலில் யூனிட்டுக்குப் போன் போடுங்கள்.