வாசகர் கேள்வி: பையருடன் வீடியோ மீட்டிங்

எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து பையர் (எங்களிடம் ஆடை வாங்குபவர்) பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவதுதான் அவருக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதாம். 200-க்கு மாறிவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

இப்போதைக்கு மாற வேண்டாம். அவர் குரல் உங்களுக்கு ஒழுங்காக வருகிறது என்றால் டவுன்லோடில் குறையில்லை. சிக்கல் உங்கள் அப்லோடில். அதிலும் வேகத்தைவிட சீர்தான் முக்கியம். பலர் கலந்துகொள்ளும் ஜூம் மீட்டிங்கில் 720பி படத்துக்கே சுமார் 2.6 எம்பிபிஎஸ் அப்லோட் போதும். குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ்தான். ஆனால் குரல் சிறுசிறு துண்டுகளாகத்தான் இணையத்தில் போகிறது. அவை 150 மில்லி விநாடிக்குள், சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். வழியில் பல தொலைந்தால் சொற்கள் நறுக்குப்படும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, மீட்டிங் நடக்கும் நேரத்திலேயே லேப்டாப்பின் கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையை (ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டுவது) முதலில் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), பிறகு வெளியே இணையத்திலிருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் ஓடவிடுங்கள். ரவுட்டருக்கே அந்த மில்லி விநாடி எண் 3-லிருந்து 200-க்குத் தாவினால் வைஃபைதான் காரணம். லேப்டாப்பை ரவுட்டருடன் கேட் 6 நெட்வொர்க் கேபிளில் இணையுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். ரவுட்டர் வரை சீராக இருந்து, 8.8.8.8-க்கு மட்டும் தாவுகிறதா? யாரோ அப்லோடை அடைக்கிறார்கள். டிசைன் ஃபைல்களை டிரைவில் ஏற்றுவது, செல்போன்களின் போட்டோ பேக்கப், கிளவுடுக்குப் போகும் சிசிடிவி, இந்த மூன்றையும் மீட்டிங் முடியும்வரை நிறுத்திப் பாருங்கள். எதுவும் ஓடாதபோதும் தாவினால்தான் லைன் பழுது; இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யலாம்.

மீட்டிங் ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்து பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள் எதிர்முனையில். சில நேரம் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பக் கேட்கிறதாம். 4கே கேமரா வாங்க உத்தேசம்.
– வாசகர், கரூர்

அந்தப் பணத்தைக் குரலுக்குச் செலவிடுங்கள். படம் மங்கினாலும் பேரம் நடக்கும். விலையும் தேதியும் காதில் விழாவிட்டால் நடக்காது.

லேப்டாப் மைக், எதிரே இரண்டடியில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது. தள்ளி உட்கார்ந்தவரின் குரலைவிட டைல்ஸ் தரையிலும் கண்ணாடித் தடுப்பிலும் பட்டுத் திரும்பும் ஒலியே அதில் அதிகம் விழுகிறது. நடுமேசையில் ஒரு யுஎஸ்பி ஸ்பீக்கர்போன் வையுங்கள். யாரும் அதிலிருந்து ஐந்தாறு அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. நீள மேசை என்றால் கூடுதல் மைக் இணைக்கும் மாடலாகப் பாருங்கள். கண்ணாடிக்குக் கனமான திரை, மேசைக்கடியில் ஒரு விரிப்பு போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். மேலே சுற்றும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். மைக்கில் காற்று அடித்தால் அடிக்குரலாக ஓர் இரைச்சல் போகும்.

எதிர்முனைக்காரருக்கு அவர் குரலே திரும்பக் கேட்டால், தவறு பெரும்பாலும் நம் அறையில்தான். ஒரே அறையில் இரண்டு லேப்டாப்கள் மீட்டிங்கில் சேர்ந்திருக்கும். இரண்டாவதை மியூட் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அதன் ஸ்பீக்கர் பேசிக்கொண்டே இருக்கிறது, அந்த ஒலி முதல் லேப்டாப்பின் மைக்கில் நுழைகிறது. தன் ஸ்பீக்கரிலிருந்து வந்ததை மட்டுமே அந்த லேப்டாப்பால் நீக்க முடியும். பக்கத்து லேப்டாப்பின் ஒலியை அது மனிதக் குரலாகவே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். இரண்டாவதில் ஆடியோவையே இணைக்காமல் சேருங்கள்.

துணியைக் கேமராவில் காட்டினால் கோடு கோடாகத் தெரிகிறது. நிறமும் மாறிவிடுகிறது.
– வாசகி, ஈரோடு

படம் முழுக்கப் பட்டைகள் மெல்ல ஊர்ந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60-ல் இருக்கும். கேமராவுடன் வரும் மென்பொருளில் ஆன்டி-ஃபிளிக்கரை 50-க்கு மாற்றுங்கள். துணிமேல் மட்டும் அலை அலையாக நெளிந்து, அசைத்தால் உருமாறினால், ரிப் பின்னலின் நெருக்கமான வரிகள் கேமராவின் புள்ளிகளோடு மோதுகின்றன. அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் மறைந்துவிடும்.

நிறத்துக்கு, கேமரா தானாக நிறத்தைத் திருத்தும் ஆட்டோ வைட் பேலன்ஸை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கையும் கலக்காமல் ஏதாவது ஒன்றில் காட்டுங்கள். அப்படியும் பையரின் திரை வேறு, உங்கள் திரை வேறு. ஷேடு (நிறச் சாயல்) ஒப்புதலை வீடியோவில் வாங்கவே வாங்காதீர்கள். லேப் டிப்பை (சாயமிட்ட சிறு மாதிரித் துணி) கூரியரில் அனுப்பி, அவர் லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடுவதற்கான விளக்குப் பெட்டி) பார்த்து எழுத்தில் சொல்லட்டும்.

நவம்பரில் ஜெர்மன் பையர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார். ஏன்?
– வாசகர், திருப்பூர்

தாமதமில்லை. அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அவருடைய காலை 11 மணி, கோடையில் நமக்கு 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறன்று பழையபடி ஆகிவிடும். காலண்டர் அழைப்பை ஜெர்மன் நேரத்தில் போட்டு அனுப்பினால் இந்தக் குழப்பம் வராது.