ஷேவ் செய்த இடத்தில் பருக்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. இரண்டு மாதத்தில் கல்யாணம். போன வாரம் முதல்முறையாக அந்தரங்க முடியை ரேசரால் எடுத்தேன். நான்கே நாளில் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். ஒன்றைக் கிள்ளிவிட்டேன். அது பெரிதாகி, நடந்தால் வலிக்கிறது. சூட்டுக் கட்டிதான், மோர் குடி என்கிறார் அம்மா. கெட்ட நோயாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பெரும்பாலும் ரேசர் செய்த வேலைதான். அந்த இடத்து முடி தடிமனாக, சுருண்டு வளரும். ஒட்ட மழித்ததும் அதன் நுனி கூராகி, தோலுக்குள்ளேயே வளைந்து குத்துகிறது. ரேசர் கீறிய இடத்தின் வழியே கிருமியும் முடிவேருக்குள் இறங்கிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பருவின் நடுவே ஒரு முடி தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மோரைத் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் இதற்கு மருந்து அது இல்லை.

கிள்ளியதால்தான் அந்த ஒன்று பெரிதாகியிருக்கிறது. இனி தொடவே வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள், தினமும் மூன்று நான்கு முறை. துணியை ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் போடுங்கள். ஆறும்வரை ரேசர் வேண்டாம். இறுக்கமான லெகிங்ஸ், ஜீன்ஸும் வேண்டாம். வெளிப்பகுதியைத் தண்ணீரால் கழுவினாலே போதும். டெட்டால், வாசனை வாஷ் எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும். மருந்துக் கடையில் கேட்டால் கொடுக்கும் அரிப்பு கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதைத் தடவினால் சிவப்பு மறையும், உள்ளே கிருமி வளரும்.

ஒரு வாரத்தில் குறையாவிட்டால், காய்ச்சல் வந்தால், கட்டி வளர்ந்துகொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள். கொத்தாக நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்து எரிந்தாலும், வலியே இல்லாத புண் தெரிந்தாலும், யோனி வாயிலின் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும் காத்திருக்கவே கூடாது. இவை வேறு நோய்கள், மருந்தும் வேறு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டிகள் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும்.

அப்புறம், கல்யாணத்துக்காக முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? முடி இருப்பது அழுக்கு இல்லை. தோலை உரசலிலிருந்து காப்பதே அதுதான். தொந்தரவாக இருந்தால் சின்னக் கத்தரிக்கோலால் ட்ரிம் செய்துகொள்ளுங்கள். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால், டோக்கன் வாங்கும்போதே பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.