கில்ட்டை மடிக்காதீங்க, சுருட்டுங்க

கிளாஸ்கோலேர்ந்து நியூயார்க் கல்யாணத்துக்கு எட்டு கஜ கம்பளி கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுற, பின்னாடி மடிப்பு வச்ச பாவாடை) கேபின் பேக்லயே கொண்டு போகணும், பின்னாடி மடிப்பு கசங்கிடுமோன்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, கம்பளி நல்லா தாங்கும், ஆனா துணி மாதிரி நாலா மடிச்சு மட்டும் வைக்காதீங்க, குறுக்கே ஒரு கோடு விழுந்தா இஸ்திரி போட்டு எடுக்குறது பெரும்பாடு.

கிளம்புறதுக்கு முன்னாடி கீழ் ஓரத்துகிட்ட மடிப்பு எல்லாத்தையும் சேர்த்து வெள்ளை நூலால லூஸா ஒரு ஓட்டுத் தையல் போட்டுடுங்க, அப்புறம் கட்டில்ல நல்லா விரிச்சு ஒரு பக்க ஓரத்துலேர்ந்து மறுபக்கம் வரைக்கும் பாய் சுருட்டுற மாதிரி டைட்டா சுருட்டி, பழைய நைலான் ஸ்டாக்கிங்ல ஒரு கால வெட்டி அதுக்குள்ள நுழைச்சிடுங்க, அது பிரிய விடாது. சுருள் கிட்டத்தட்ட ரெண்டு அடி நீளம் வரும், பேக் சின்னதுன்னா குறுக்கால சாய்ச்சு வச்சுப் பாருங்க. போய் இறங்கினதும் தையலப் பிரிச்சு, பாத்ரூம்ல சுடுதண்ணிய திறந்துவிட்டு ஆவியில கொஞ்ச நேரம் தொங்க விடுங்க.

காலுறையில சொருகுற ஸ்கியன் டூ கத்தி கேபின்ல வேணவே வேணாம், செக்-இன் பேக் இல்லன்னா வீட்டுலயே வச்சிடுங்க. முக்கியமா, தாத்தாவோட ஸ்போரன் (கில்ட்டுக்கு முன்னாடி இடுப்புல தொங்கவிடுற பை) சீல்ங்கிற கடல் விலங்கோட தோல்னு சொன்னீங்களே, 1972 கடல் பாலூட்டி பாதுகாப்புச் சட்டப்படி அமெரிக்காவுக்குள்ள அதைக் கொண்டு போக பொதுவா தடை இருக்கு, பறிமுதல் ஆனா திரும்பக் கிடைக்காது. தாத்தா பொருள், ரிஸ்க் எடுக்காதீங்க ப்ளீஸ், சாதா மாட்டுத்தோல் ஸ்போரன் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கோங்க.