வாங்க வருகிறவர் என்ன தேடுகிறார்? கீவேர்ட் குறித்து வாசகர் கேள்விகள்

தோல் பை விற்கும் ஆன்லைன் கடை என்னுடையது. கூகுள் விளம்பரத்தில் 'பை', 'தோல் பை' என்ற கீவேர்டுகளுக்கு (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொற்கள்) கிளிக் குவிகிறது, விற்பனைதான் இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

'பை' என்று மட்டும் தேடுகிறவருக்கு எது வேண்டும் என்று அவரே இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார். 'பழுப்பு நிற லேப்டாப் தோல் பை' என்று எழுதுகிறவர் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். இரண்டாமவர் போல எழுதுகிறவர்கள் குறைவுதான், ஆனால் உங்களுக்கு வேண்டியவர்கள் அவர்களே. அந்தச் சொற்களை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் எழுதியதையும், வாடிக்கையாளர்கள் அனுப்பிய கேள்விகளையும் எடுத்துப் படியுங்கள். ரொம்பவும் நீட்டிவிடாதீர்கள், யாருமே தேடாத நீளமான வரிகளுக்கு கூகுள் விளம்பரம் காட்டாது.

கீவேர்டைத் தேடலோடு பொருத்தும் பிராட், ஃப்ரேஸ், எக்ஸாக்ட் மூன்று முறைகளில் எதில் தொடங்குவது? கீவேர்ட் முன்னால் கூட்டல் குறி போடச் சொல்கிறார்களே?

கூட்டல் குறி முறை 2021-லேயே போய்விட்டது. அதைச் சொல்லித்தரும் வீடியோ பழையது. பட்ஜெட் சிறியது என்றால் ஃப்ரேஸ் (கீவேர்டின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு வருவது), எக்ஸாக்ட் இரண்டில் மட்டும் தொடங்குங்கள். எக்ஸாக்ட் என்றாலும் எழுத்துக்கு எழுத்து அதே தேடல் என்று அர்த்தமில்லை. அதே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் விளம்பரம் வரும். பிராட் மேட்சில் உங்கள் சொல் ஒன்றுகூட இல்லாத தேடலுக்கும் வரலாம். எது விற்கிறது என்ற கணக்கு உங்கள் கையில் வந்த பிறகு பிராடைத் திறந்து பார்க்கலாம்.

வேண்டாத தேடல்களுக்கு விளம்பரம் வராமல் தடுக்கும் நெகட்டிவ் பட்டியலில் 'பைகள் தைப்பது' என்று சேர்த்தேன். அப்படியும் தையல் கற்க வருகிறவர்கள் கிளிக் செய்கிறார்களே?

நிறையப் பேர் பணம் விடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண கீவேர்ட் போல நெகட்டிவ் கீவேர்ட் தானாக விரிந்துகொள்ளாது. ஒருமை, பன்மை, இணைச்சொல் எதையும் அது பிடிக்காது. 'பைகள்' என்று தடுத்தால் 'பை' தப்பித்துவிடும். தமிழில் இது இன்னும் கஷ்டம். தைப்பது, தைக்க, தையல் மூன்றையும் தனித்தனியாகத்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, பிராட் வகை நெகட்டிவில் இரண்டு சொல் கொடுத்தால் தேடலில் இரண்டுமே இருந்தால்தான் தடுக்கும். ஆகவே முடிந்தவரை ஒற்றைச் சொல்லாகக் கொடுங்கள்.

எதைத் தடுப்பது என்பதை சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டில் (மக்கள் எதைத் தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்ற பட்டியல்) பாருங்கள். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது திறந்து, வரி வரியாகப் படியுங்கள். ஒரு குறை உண்டு: சிலரே தேடிய சொற்களை 2020 செப்டம்பரிலிருந்து கூகுள் அதில் காட்டுவதில்லை. செலவு தெரியும், சொல் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைத் தடுக்க முடியாது என்பதால்தான் மேலே பிராட் வேண்டாம் என்றேன்.

20 கிளிக் ஆகியும் ஒன்றும் விற்காத கீவேர்டை நிறுத்திவிடலாமா?

அவசரப்படாதீர்கள். உங்கள் கடையில் 100 கிளிக்குக்கு 2 பேர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நல்ல கீவேர்டிலும் முதல் 20 கிளிக்கில் ஒன்றுமே விற்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 150 கிளிக் வரை பொறுத்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அப்போதும் விற்கவில்லை என்றால் தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் தேடலே சம்பந்தமில்லாதது என்றால் ஒரு கிளிக்குக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கிளிக் விலைக்கும் இதே கணக்குதான். ஒரு விற்பனையில் லாபம் 400 ரூபாய் என்றால், 100 கிளிக்கில் 2 விற்பனைக்கு 800 ரூபாய். ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. திரும்பி வரும் பொருட்களையும் கழித்துவிட்டு, அதற்கும் கீழே நில்லுங்கள்.

என் கடைப் பெயருக்கே நான் விளம்பரம் கொடுக்க வேண்டுமா?

போட்டியாளர் அந்தப் பெயருக்கு விளம்பரம் செய்தால் கொடுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மொத்த விற்பனை குறைகிறதா என்று பாருங்கள்.

பொருளின் படமும் விலையும் காட்டும் ஷாப்பிங் விளம்பரத்தில் கீவேர்ட் எங்கே சேர்ப்பது?

அங்கே கீவேர்டுக்கு இடமே கிடையாது. நீங்கள் கொடுக்கும் பொருளின் தலைப்பையும் விவரத்தையும் வைத்தே கூகுள் தேடலோடு பொருத்துகிறது. அதனால் நிறம், அளவு, எதனால் செய்தது என்பதையெல்லாம் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நெகட்டிவ் கீவேர்ட் மட்டும் அங்கேயும் சேர்க்கலாம்.