பென்ஷனின் எடை

கேள்வி: அமெரிக்கத் தளபதி ஜேம்ஸ் வில்கின்சன், ஸ்பெயினிடம் ரகசியமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டே கடைசிவரை தப்பியது எப்படி?

பதில்: பென்ஷன்! ஸ்பானியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆண்டுக்கு 2,000 டாலர். பென்ஷன் என்றால் பாக்கி இல்லாமலா? பாக்கி, நினைவூட்டல் கடிதம், புலம்பல் எல்லாம் மனிதருக்கு உண்டு. ஓய்வு பெறாமலே வாங்கினார் என்பதுதான் விசேஷம்.

நம் சினிமா வில்லன்கள் பெட்டி நிறையப் பணத்தை ஒற்றை விரலில் தூக்குவார்கள். எடை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பிடிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். ஸ்பானிய வெள்ளி டாலர் ஒன்று 27 கிராம். 1794-ல் ஹென்றி ஓவன் கையில் கொடுத்தனுப்பிய 6,000 டாலர் 162 கிலோ, மூன்று சின்னப் பீப்பாய்களில். ஆளுக்குப் பாதி உயரம்கூட இல்லாத பீப்பாய் அப்படிக் கனத்தால் உள்ளே மாவா இருக்கும்? துடுப்புப் போட்டவர்களே ஓவனைக் கொன்றார்கள். பிடிபட்டவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க வந்த தாமஸ் பவரும் ஸ்பெயினின் ஆள்தான். பிறகு எங்கே உண்மை வரும்?

1796-ல் அதே பவர் 9,640 டாலரை, அதாவது 260 கிலோவை, சர்க்கரை, காப்பிப் பீப்பாய்களுக்குள் புதைத்துக் கொண்டுபோனார். சரக்கே கனமென்றால் வெள்ளியின் கனம் தெரியாதல்லவா.

எப்படித் தப்பினார் என்றுதானே கேட்டீர்கள்? ஸ்பானிய டாலர் 1857 வரை அமெரிக்காவிலேயே செல்லுபடியான காசு. அது பையில் இருந்தால் குற்றமில்லை. யாராவது கேட்டால், ‘1787-ல் நியூ ஆர்லியன்ஸில் விற்ற புகையிலைப் பணம்’ என்பார். அவரைச் சந்தேகித்த அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி வெய்ன் 1796 டிசம்பரில் இறந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வில்கின்சன்! 1811 ராணுவ நீதிமன்றமும் விடுவித்தது. கடிதங்கள் ஸ்பெயினின் ஆவணக் கட்டுகளிலிருந்து வெளிவந்தபோது அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள்.

ஏமாந்தது ஸ்பெயின்தான். 1804-ல் 20,000 பாக்கி கேட்டார், 12,000 வாங்கினார்: 324 கிலோ வெள்ளி. அதற்கு அவர் தந்த யோசனைகளில் ஒன்று, அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் மேற்கே போகிறார்கள், மடக்குங்கள் என்பது. அப்போது ஸ்பெயின் கையில் இருந்த சாந்தா ஃபேயிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட படை கிளம்பியது. ஒன்றும் அவர்களை எட்டவில்லை.