கிரகரியும் கால் ஏக்கரும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய கட்டுரையில் 'கிரகரி பிரிவு' என்ற சட்டப்பிரிவைக் கொண்டுவந்தவரைக் கடுமையாக எழுதியிருந்தீர்கள். கொழும்பு நூதனசாலைக்கு முன்னால் சிலையாக நிற்கும் வில்லியம் கிரகரிதானா அவர்? எங்களுக்கு அவர் நல்ல தேசாதிபதி. நூதனசாலையைக் கட்டினார், பழைய குளங்களைத் திருத்தினார். சொந்தக் குடியானவர்களிடம் கனிவாக இருந்தவர் என்றும் படித்திருக்கிறேன். ஒரே ஒரு சட்டப்பிரிவை வைத்து ஒரு மனிதரை எடைபோடலாமா?

வாசகர் ஒருவர், கொழும்பு

அன்புள்ள நண்பருக்கு,

ஆம், அவரேதான். 1872 முதல் 1877 வரை பிரிட்டிஷ் ஆளுநராக இலங்கையை ஆண்டவர், 1847-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டப்ளின் நகரத்தின் உறுப்பினர். அப்போது அவருக்கு வயது 30.

அந்தக் குடும்பம் குடியானவர்களிடம் கனிவாக இருந்தது உண்மை. கால்வே மாவட்டத்தில் கூல் என்ற இடத்தில் அவர்களுடைய பண்ணை இருந்தது. கொள்ளுத்தாத்தா ராபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இந்தியாவில் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து 1768-இல் வாங்கியது. (அயர்லாந்தின் ஒரு பண்ணைக்குள் நம் ஊர்ப் பணம் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது.) பஞ்சத்தில் வில்லியமின் தந்தை குடியானவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே தொற்றிய காய்ச்சலிலேயே 1847-இல் இறந்தார். அந்த மனிதரை வணங்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே வருஷம் மகன் என்ன செய்தார் என்று பாருங்கள். ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் 25 சென்ட்டுக்கு மேல், நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நிவாரணம் கிடையாது. வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வரவேண்டும்.

மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டவனை நினைத்துக்கொள்ளுங்கள். 1845-இல் கிழங்கில் நோய் விழுந்தது. 1846-இல் அநேகமாக எல்லாமே அழுகிப்போனது. விதைக்கு வைத்த கிழங்கையும் தின்றாகிவிட்டது. நிலத்தை விட்டால் இன்றைக்குக் கஞ்சி உண்டு. விடாவிட்டால் அடுத்த வருஷம் விதைக்க இடமாவது மிஞ்சும், அதுவரை பிள்ளைகள் பிழைத்தால். விடமாட்டேன் என்று கிடந்து செத்தவர்கள் ஏராளம். விட்டவர்களுடைய வீட்டுக் கூரையைப் பல இடங்களில் நிலப்பிரபுவின் ஏஜெண்டுடைய ஆட்கள் உடனே பிரித்துப் போட்டார்கள், திரும்பி வரக்கூடாது என்று.

இதில் நிலப்பிரபுவுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஆண்டு மதிப்பு 4 பவுண்டுக்கு மேல் இல்லாத நிலங்களுக்கு, நிவாரணச் செலவுக்காக வசூலித்த ஏழைவரியைக் குத்தகைக்காரன் கட்டவேண்டாம், நிலப்பிரபுவே கட்டவேண்டும். சின்னக் குடிகள் நிறைய இருந்தால் குத்தகைப் பணமும் வராது, வரியும் ஏறும். அவர்களைக் கிளப்பிவிட்டு நிலத்தை ஒன்றாக்கி மாடு மேய்த்தால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. அப்படி நினைத்தவர்கள் கைக்கு இந்தப் பிரிவு வாகாக வந்து சேர்ந்தது. 1849 முதல் 1854 வரை போலீஸ் பதிவில் வந்த கணக்கின்படியே ஏறக்குறைய 2,50,000 பேர் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டார்கள். எல்லாம் இந்தப் பிரிவால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் வழியைத் திறந்துவிட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிரகரி தன் குடிகளிடம் கனிவாக இருந்தார் என்கிறீர்கள். சரி. கூல் பண்ணையில் அவருக்குக் குடிகளின் முகம் தெரியும். மேயோ, கிளேர் என்ற வேறு மாவட்டங்களில் இருந்தவர்களின் முகம் தெரியாது. நல்ல நிலப்பிரபுவின் கருணை அவருடைய பண்ணை வேலியோடு நின்றுவிடும். அவர் எழுதிய சட்டமோ நாடு முழுக்கப் போகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நிலப்பிரபுக்களும் கடனில் மூழ்கித்தான் கிடந்தார்கள். அவர்களுடைய சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்க 1849-இல் அரசு தனி நீதிமன்றமே அமைத்தது. கிரகரிக்கும் கடன் ஏறியிருந்தது, பெரும்பாலும் குதிரைப் பந்தயத்தால். 1857-இல் பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் விற்கவேண்டி வந்தது. ஆனாலும் மாளிகை அவரிடமே இருந்தது, சுற்றியிருந்த நிலமும் இருந்தது. அதே ஆண்டு கால்வேயிலிருந்து மறுபடி நாடாளுமன்றம் போனார், அப்புறம் உங்கள் தீவுக்குத் தேசாதிபதியாக வந்தார். கிழங்கு அழுகியதால் கடன்பட்ட குடியானவனிடமோ கையிலிருந்த கடைசித் துண்டு நிலத்தையும் கொடு, அப்புறம் சோறு என்றார்கள். எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு பிரிவை வைத்து எடைபோடலாமா என்று கேட்டீர்கள். இளவயதில் செய்த தவறு என்று பின்னாளில் அவர் ஒரு வார்த்தை வருந்தியிருந்தால் நானும் அப்படியே எழுதியிருப்பேன். இலங்கையை ஆண்டு முடித்து, முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்தப் பிரிவு நாட்டுக்கு நன்மையே செய்தது என்றுதான் வாதாடியிருக்கிறார். அதனால் கட்டுரையில் எழுதியதை மாற்றவில்லை.

அன்புடன்.