அரிசியை நிறுத்தியும் சுகர் குறையவில்லையே?

கேள்வி: எனக்கு இப்போது ஏழாவது மாதம். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் 158 வந்தது. அன்றிலிருந்து இனிப்பைத் தொடவில்லை, சோற்றையும் நிறுத்திவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் சப்பாத்தி. அப்படியும் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 150-க்குக் குறையவில்லை. இன்சுலின் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. குழந்தைக்கும் சர்க்கரை நோய் வந்துவிடுமா?

பதில்: முதலில் அந்தக் கஞ்சியை நிறுத்துங்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, கொழகொழவென்று வேகவைத்துவிட்டால் மெல்லவே வேண்டாம். குடித்த வேகத்தில் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கஞ்சியை மருந்து மாதிரி நினைத்துத்தான் குடிக்கிறார்கள். அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டி, கூடவே ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுப் பாருங்கள். மீட்டரே வித்தியாசத்தைக் காட்டும்.

காலையில் மட்டும் ஏன் இப்படி? நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் அம்மாவின் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. குழந்தைக்கு எப்போதும் சத்து கிடைக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிட்டால் பிரச்னை இல்லை, முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. விடியற்காலையில் உடம்பில் இயல்பாகவே கூடும் வேறு சில ஹார்மோன்களும் இதோடு சேர்ந்துகொள்வதால், காலை உணவுதான் பலருக்கும் அடங்காது. அதனால் அதை இரண்டாகப் பிரியுங்கள்: எட்டு மணிக்கு இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், பத்தரைக்குப் பயறு சுண்டலோ ஒரு கொய்யாக்காயோ. ஜூஸ் வேண்டாம்.

சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. நாலு சப்பாத்தி சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். மதியம் ஒரு கப் சோறு, அதற்குச் சமமாகவோ கூடவோ பொரியல் அல்லது கூட்டு, ஒரு துண்டு மீன் அல்லது கெட்டியான பருப்பு. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மாடியில் நடங்கள், நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் தவிர. பட்டினி கிடந்து அளவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். இரவு படுக்கும் முன் சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால் குடிக்கலாம். அப்புறம், இது வளைகாப்பு மாதம்! பரிசோதனை செய்கிற 24-28 வாரக் கணக்கும் சித்ரான்னம் வரிசைகட்டுகிற மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி வாங்கினால் தட்டு நிறைந்துவிடும். பிடித்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீட்டரில் பார்க்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் குத்தினால் பொய்க் கணக்கு வரும். நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் இருப்பதுதான் நம் இலக்கு. (உங்களுக்குச் செய்த பரிசோதனையில் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று வைத்துக்கொள்கிறோம். வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் இதற்கான விழிப்புணர்வு நாள்.)

இப்படி இரண்டு வாரம் சாப்பிட்டும் இலக்குக்குள் வரவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும். அது நீங்கள் தோற்றுப்போனதற்கு அடையாளம் இல்லை. நஞ்சுக்கொடி வளர வளர இன்சுலினுக்கு எதிர்ப்பும் கூடும், டோஸும் கூடும். பிரசவமானதும் பெரும்பாலானவர்களுக்கு ஊசியை நிறுத்திவிடலாம். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. தாண்டிப் போவது உங்கள் சர்க்கரைதான். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிகமாக இன்சுலின் சுரக்கும், குழந்தை மிதமிஞ்சிப் பருக்கும். பிறந்து கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், சுரந்த இன்சுலின் மிச்சமிருக்கும். அதனால்தான் பிறந்த முதல் சில மணி நேரம் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்று பார்க்கிறோம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிடுங்கள். மற்றபடி குழந்தை சர்க்கரை நோயோடு பிறக்காது. பின்னாளில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஊசி ஆரம்பித்தபின் கை நடுங்கி, வேர்த்து, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், மீட்டர் என்ன காட்டினாலும் சரி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு முறை குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். தாய் வீட்டில் குழந்தையும் தூக்கமின்மையுமாக இருக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அதே வாரத்தில் உங்களுக்கும் முடித்துவிடுங்கள்.